டிசம்பர் வரை ஓகே

எங்கள் லைன் வீட்டில் பத்து வாசல், ஒரே குழாய். நடுச்சுவர்கள் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டடி எழும்பி நின்றுவிடும். அதற்கு மேல் கூரை வரை காலிதான். வீட்டுக்காரர் செங்கல்லை மிச்சம் பிடித்ததில் யாருக்கு என்ன நஷ்டமோ, எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் பத்து வீட்டிலும் தும்முவார்கள். ஆறாம் நம்பரில் புருசன் பெண்டாட்டி பேசுவது ஏழாம் நம்பரில் இருக்கும் எனக்குக் கேட்கிறதென்றால் அது என் காதின் குற்றமில்லை.

பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டுவேன். கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கைதான் வேலை செய்யும். கண்ணும் காதும் சும்மாதானே இருக்கின்றன.

ஆறாம் நம்பர் ஆரோக்கியராஜ், தேவகோட்டைப் பக்கம். எட்டாம் நம்பர் பாண்டித்துரை, உசிலம்பட்டிப் பக்கம். இரண்டு பேரும் அனுப்பர்பாளையம் தாண்டி இருக்கிற செங்கோட்டையன் நிட்டிங் கம்பெனியில் வேலை. பாண்டித்துரை நூலைத் துணியாக்கும் வட்ட மிஷின் ஓட்டுகிறவன். ஆரோக்கியராஜ் அங்கே எலக்ட்ரீசியன். ஒருத்தன் மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி கொளுத்துவான், இன்னொருத்தன் கறுப்பசாமிக்குச் சுருட்டு வைப்பான். மற்றபடி ஒரே பைக், ஒரே டீக்கடை, ஒருத்தனை ஒருத்தன் 'பங்காளி' என்றுதான் கூப்பிடுவார்கள். பாண்டித்துரை மனைவி அனுசுயாவும் ஆரோக்கியராஜ் மனைவி நதியாவும் குழாயடியில் மாதம் ஒரு தடவை சண்டை போட்டு மறுநாள் கருவாட்டுக் குழம்பு மாற்றிக்கொள்வார்கள். நடுவில் இருந்த எனக்கு இரண்டு பக்கமும் குழம்பு வரும்.

ஆரோக்கியராஜுக்குப் பேச்சென்றால் போர்டு பற்றித்தான். கம்பெனியில் இரண்டு ஷெட், ஷெட்டுக்குப் பன்னிரண்டு மிஷின். அத்தனைக்கும் கரண்ட் பிரிந்து போகிற பேனல் போர்டு ஷெட்டுக்கு ஒன்று, பீரோ உயரத்துக்கு நிற்கும். நிட்டிங் ஷெட்டில் காற்று முழுக்கப் பஞ்சுதான். அது கதவிடுக்கில் நுழைந்து போர்டுக்குள் படியும். மிஷின் அதிர்வில் உள்ளே ஒயரைப் பிடித்திருக்கிற திருகெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். இளகின இடம் சூடாகும். சூட்டுக்குப் பக்கத்திலேயே பஞ்சு. கரண்ட் லைனை நிறுத்திவிட்டுத் திறந்து, துடைத்து, திருகை முறுக்க வேண்டும். அதுவும் தவணை தவறாமல் செய்ய வேண்டும். இவ்வளவையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். நான் கேட்டேனா என்றால் இல்லை. யாராவது உட்கார்ந்திருந்தால் சொல்லுவான்.

முதலாளி செங்கோட்டையன் கெட்ட மனுசர் என்று சொல்லிவிட முடியாது. அவர் அப்பா தறி நெய்தவர். குடும்பமே வருசம் தவறாமல் சிவன்மலைக்குக் காவடி எடுக்கும். வேலைக்காரனைக்கூட 'வாங்க போங்க' என்றுதான் பேசுவார். ஆரோக்கியராஜ் லைனை நிறுத்தித் தரச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம், "இந்த ஷிப்மென்ட் போகட்டுங்க ஆரோக்கியம், அடுத்த வாரம் கண்டிப்பா நிறுத்தித் தாரனுங்க" என்பாராம். அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறவரிடம் யார் எதிர்த்துப் பேச முடியும்? அடுத்த வாரம் அடுத்த ஷிப்மென்ட் வந்துவிடும்.

ஆரோக்கியராஜ் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போடுவார்களே, அந்த அறிவிப்பைப் பார்த்தால் ஊரே முகத்தைச் சுளிக்கும். இவன் மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டி வைப்பான். கரண்டுக்காரர்கள் அவர்கள் வேலையைப் பார்க்கிற அன்று இவன் இவன் வேலையைப் பார்த்துவிடுவான். அதுவும் போன வருசம் வரைக்கும்தான். செங்கோட்டையன் பெரிய ஜெனரேட்டர் ஒன்று வாங்கினார். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, எங்கள் லைனுக்குக்கூடச் சர்க்கரைப் பொங்கல் வந்தது. பிறகு கம்பெனியில் கரண்ட் இல்லாத நாள் என்று ஒன்றே இல்லாமல் போயிற்று. அன்றைக்கு அந்தப் பொங்கலை ஆரோக்கியராஜ் தொடவில்லை. நதியா அதையும் எனக்கே கொண்டுவந்து கொடுத்தாள்.

புரட்டாசியில், சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் தரப்பிலிருந்து ஆடிட் வருவதாகச் சொன்னார்கள். வாரா வாரம் போர்டு சோதித்ததற்கு ரெஜிஸ்டர் காட்ட வேண்டுமாம். செங்கோட்டையன், "நோட்டு மட்டும் ரெடி பண்ணீருங்க ஆரோக்கியம்" என்று சொல்லிவிட்டார். ஆரோக்கியராஜ் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நதியாவுக்கு முத்து முத்தான எழுத்து. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்து ஜனவரி முதல் சனிக்கிழமையிலிருந்து எழுத ஆரம்பித்தாள். தூசி அகற்றியது, ஓகே. திருகு முறுக்கியது, ஓகே. சூடு பார்த்தது, ஓகே.

லைனே கூடிவிட்டது. எல்லாம் ஒரே பேனாவில் எழுதினால் பிடித்துக்கொள்வார்கள் என்று சொன்னது நான்தான். என் வீட்டிலிருந்து இரண்டு பேனாவும் எடுத்துக் கொடுத்தேன். அனுசுயா டீ போட்டு வந்தாள். பாண்டித்துரை பைக் செயினில் கட்டை விரலைத் தேய்த்து அங்கங்கே பக்கத்தில் கறை வைத்தான்.

"வேலை பார்த்த நோட்டு மாதிரி இருக்கணும்ல பங்காளி. இம்புட்டுச் சுத்தமா இருந்தா பள்ளிக்கூடத்து நோட்டுன்னு நெனச்சுக்கிருவாங்க."

சிரித்துக்கொண்டே செய்தோம். செப்டம்பர் வந்ததும் நதியா கை ஓயவில்லை. பாதி நோட்டு வெள்ளையாகக் கிடந்தால் நன்றாகவா இருக்கும், அடுத்த தடவையும் இந்தத் தொல்லை வேண்டாம் என்று டிசம்பர் கடைசி சனிக்கிழமை வரை எழுதி முடித்துவிட்டாள். ஆரோக்கியராஜ் பக்கம் புரட்டிப் புரட்டிக் கையெழுத்துப் போட்டான், தேதியைப் பார்க்கவில்லை. ஆடிட்டர் ரெஜிஸ்டரைப் பாராட்டிவிட்டுப் போனாராம். கம்பெனியில் லட்டு கொடுத்தார்கள்.

அக்டோபரில் நசநசவென்று மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை, பிசிறு வெட்டின பனியனெல்லாம் புழுங்கல் வாடை அடித்தது. பதினைந்தாம் தேதி சாயங்காலம் குழாயடியில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஆரோக்கியராஜும் பாண்டித்துரையும் கை கால் கழுவ வந்தார்கள். ஒண்ணாம் ஷெட் போர்டிலிருந்து கருகல் வாடை வருகிறது, தீபாவளிச் சரக்கு போகிற வரை நிறுத்தவே மாட்டேன் என்கிறார் முதலாளி என்று ஆரோக்கியராஜ் புலம்பினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். அவன் தாழ்த்தினதால்தான் நான் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"நாளைக்கு மிஷினுக்குக் காத்தடிப்பேல்ல, அப்படியே போர்டைத் தெறந்து ரெண்டு அடி அடிச்சு விட்ரு பங்காளி. பஞ்சு போனாலே பாதிச் சூடு கொறஞ்சுரும். நான் ரெண்டாம் ஷெட்டுல மாட்டிக்கிருவேன்."

"லைன் ஓடிக்கிட்டிருக்கும்ல?"

"தொடாம எட்ட நின்னு அடி. ஒண்ணும் ஆகாது."

மிஷின் மேல் படிகிற பஞ்சைக் குழாய்க் காற்றால் ஊதித் தள்ளுவது அங்கே தினசரி வேலை. அதே குழாய், அதே காற்று. போர்டும் ஒரு மிஷின்தானே என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

புதன்கிழமை பதினொரு மணி. மழை நாளில் அந்தக் காற்றுக் குழாயில் தண்ணீரும் கலந்து வருமாம். உள்ளே இருந்த பஞ்சு ஈரத்தோடு கிளம்பி ஒயர் முனைகளுக்கு நடுவில் போய் அப்பியிருக்கிறது. நீலமாக ஒரு வெளிச்சம் வந்தது, வெடிச் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது என்று பக்கத்து மிஷின் பீகார்ப் பையன் சொன்னான். பாண்டித்துரைக்கு இரண்டு கையும் முழங்கை வரை, முகம், நெஞ்சு எல்லாம் வெந்துவிட்டது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். கண் கட்டை அவிழ்த்தால்தான் பார்வை தெரியும் என்றும் சொன்னார்கள்.

மறுநாளே இரண்டாம் ஷெட் ஓட ஆரம்பித்துவிட்டது.

கம்பெனியில் ஒரே பேச்சாக ஒன்றைப் பரப்பினார்கள்: ஆபரேட்டர் யாரையும் கேட்காமல் போர்டைத் திறந்துவிட்டான், அவன் செய்த வினை. அது அப்படியே நின்றால் பாண்டித்துரைக்குக் கையும் போய், வேலையும் போய், தப்பும் அவன் தலையில்தான். செங்கோட்டையன் ஆரோக்கியராஜைக் கூப்பிட்டு, விசாரணைக்கு மின்சார இன்ஸ்பெக்டர் வருவார், நீங்கள் வாரா வாரம் சோதித்தீர்கள், நோட்டு இருக்கிறது, அவன் தானாகச் செய்தான் என்று மட்டும் சொல்லுங்கள், உங்களை நான் கைவிட மாட்டேன் என்று சொன்னாராம். இதையும் ங்க போட்டுத்தான் சொல்லியிருப்பார்.

விசித்திரம் என்னவென்றால் பாண்டித்துரையும் அதையேதான் சொன்னான். போலீஸ்காரர் வந்து கேட்டபோதும், பெண்டாட்டி கேட்டபோதும், நானாகத்தான் காற்றடித்தேன் என்றான். அனுசுயா தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்துக்குப் பஸ்ஸில் வருவாள். இரண்டு பிள்ளைகளும் என் வீட்டில் இருந்தன. நான் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வைத்திருப்பேன்.

"ஒரு வாய் தின்னு கண்ணு."

"எனக்கு அந்த மனுசன நெனச்சாத்தான் வயிறு எரியுதுக்கா. எவன் சொன்னான்னு அதுக்குள்ள போயிக் காத்தடிச்சாரு? இன்னைக்கும் நல்லாக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். வாயவே தெறக்கல."

நான் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன். தெருவில் எந்த வீட்டுப் பால் திரிந்தாலும் நாலு வாசலுக்குச் சொல்லிவிட்டு வருகிறவள் நான். இதை மட்டும் சொல்லவில்லை. ஆறாம் நம்பர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவனே சொல்லட்டும் என்று இருந்தேன். அவனும் சொல்லவில்லை.

விசாரணைக்கு முதல்நாள் சாயங்காலம் ஆறாம் நம்பரில் சண்டை. நதியா கத்தவில்லை; பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். அதுதான் இன்னும் தெளிவாகக் கேட்டது.

"அந்தாளே தானாச் செஞ்சேன்னு சொல்லிட்டாருல்ல. நீயி எதுக்குப் போயித் தலையக் குடுக்குற?"

"அவன் சொல்லலைங்கறதுதான்டி என்னையத் திங்க விட மாட்டேங்குது."

"அந்த நோட்டுல இருக்கறது யாரு எழுத்து? நீயி ஒன்னு சொன்னா அவங்க ரெண்டாவது கேள்வி கேப்பாங்க. என்னையக் கூப்பிட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்? பாப்பா அடுத்த வருசம் பத்தாவது."

தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அன்று ஆறாம் நம்பரில் ரசம். மறுநாள் காலையிலும் அதே ரசம் அப்படியே இருந்தது.

அனுசுயாவுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு நானும் கம்பெனிக்குப் போனேன். தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. ரோடெல்லாம் ஊருக்குப் போகிற கூட்டம், பையும் பட்டாசும். ஆபீஸ் அறையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, கண்ணாடி போட்டவர். நாங்கள் சுவரோரமாகப் பெஞ்சில் உட்கார்ந்தோம். செங்கோட்டையன் தண்ணீர் கொடுத்து, காபி சொல்லி, ரெஜிஸ்டரை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

"ஒரு வாரங்கூட உட்டதில்லீங்க மேடம். நீங்களே பாருங்க. பையன் தானாத் தெறந்துட்டானுங்க. நாங்க என்ன பண்றதுங்க?"

அந்தம்மா நிதானமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். அடுத்த பக்கம் போனார். இன்னும் இரண்டு பக்கம்.

"போர்டு எந்த தேதியில எரிஞ்சது?"

"பதினாறுங்க."

"பத்தொன்பதாம் தேதி அதே போர்டுல திருகு முறுக்கி, சூடு பார்த்து, ஓகேன்னு போட்டிருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னைக்கு இருபத்தெட்டு. நவம்பர் முழுக்க ஓகே. டிசம்பர் இருபத்தெட்டு வரைக்கும் ஓகே. எரிஞ்ச போர்டு இவ்வளவு நல்லா இருக்குமா?"

செங்கோட்டையன் முகம் சுண்டிவிட்டது. பிறகு திரும்பி, "ஏனுங்க ஆரோக்கியம், இதென்னங்க இப்படிப் பண்ணி வெச்சிருக்கறீங்க?" என்றார். அப்போதும் மரியாதை குறையவில்லை. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அதில் இரண்டு மாதம் என் பேனாவில் எழுதினது.

ஆரோக்கியராஜ் கதவோரத்தில் நின்றான். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் டெஸ்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நோட்டு பொய், ஒரு வாரம்கூடச் சோதிக்கவில்லை, லைன் நிறுத்திக் கொடுத்தால்தானே சோதிக்க முடியும், ஆடிட்டுக்காக வீட்டில் வைத்து எழுதினோம் என்று சொன்னான். யார் எழுதினது என்று கேட்டதற்குத் தன் பெயரைச் சொன்னான். அந்தம்மா நோட்டில் இருந்த முத்து எழுத்தையும் அவன் கையையும் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்தம்மாவும் பேனாவை மூடப் போனார்.

"இன்னொன்னு இருக்கு மேடம். பாண்டித்துரை தானாச் செய்யல. காத்தடிச்சு விடச் சொன்னது நான். மொத நா சாயங்காலம் நாந்தேன் சொன்னேன். லைன் ஓடும்லன்னு கேட்டான். ஒண்ணும் ஆகாதுன்னேன்."

அந்தம்மா எழுதினார். வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். உங்கள் மேலும் கேஸ் வரும், தெரியுமா என்றார். தெரியும் என்றான். செங்கோட்டையனிடம், ஆளை வேலைக்கு வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய விடாதது யார் என்பதையும் எழுதியிருக்கிறேன் என்றார். அவர் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆடை கட்டிவிட்டது.

அனுசுயாவின் கையைப் பிடித்தேன், அவள் அசையவில்லை. என் கையை உதறியிருந்தாலாவது, அழுதிருந்தாலாவது தேவலை என்று இருந்தது.

பிறகு அந்தம்மா, இரண்டாம் ஷெட் போர்டை இப்போதே நிறுத்தித் திறந்து காட்டச் சொன்னார். தீபாவளிச் சரக்கு என்று செங்கோட்டையன் ஆரம்பித்தார். அந்தம்மா எழுந்து நடந்துவிட்டார். கம்பெனியில் அந்தப் போர்டைத் தெரிந்தவன் ஆரோக்கியராஜ் ஒருத்தன்தான். ஆகவே அவனையே திறக்கச் சொன்னார்கள்.

மெயின் சுவிட்சை இறக்கினான். பன்னிரண்டு மிஷினும் மெதுவாகச் சுற்றி நின்றன. அந்த ஷெட்டில் அவ்வளவு அமைதியை நான் எதிர்பார்க்கவில்லை; தகரக் கூரையில் தூறல் விழுவது கேட்டது. சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டான். கதவைத் திறந்து, டெஸ்டர் வைத்து ஒவ்வொரு முனையிலும் கரண்ட் இல்லை என்று பார்த்தான். உள்ளே பஞ்சு தலையணையைக் கிழித்துக் கொட்டினது போல அடைத்திருந்தது.

காற்றுக் குழாயை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. உறிஞ்சுகிற மிஷினை வைத்து இழுத்தான். மூலை முடுக்கைப் பெயின்ட் பிரஷ்ஷால் கூட்டினான். பிறகு திருகுகள். ஒவ்வொன்றையும் முறுக்கி, முறுக்கினதும் சாக்பீஸால் ஒரு கோடு. சிலது அசையவில்லை. சிலது கால் சுற்று. நடுவில் ஒன்று ஒன்றரைச் சுற்று போயிற்று. அந்த ஒயரின் உறை வெந்து பழுப்பேறியிருந்தது. அதை அறுத்துவிட்டுப் புது முனை போட்டான். அந்தம்மா குனிந்து பார்த்து, இன்னும் பத்து நாள் தாங்கியிருக்குமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அனுசுயா எப்போது உள்ளே வந்தாள் என்று கவனிக்கவில்லை. போர்டுக்கு நாலடி தள்ளி நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கதவை மூடித் தாழ்ப்பாள் போட்டதும் கேட்டாள்.

"இம்புட்டுத்தானாண்ணே வேலை?"

"ஆமாம்மா."

"எம்புட்டு நேரம் ஆச்சு?"

அவன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

"முப்பத்தஞ்சு நிமிசம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. மிஷின் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"கண்ணக் கட்டிப் போட்டுக் கெடக்குற மனுசன பன்னெண்டு நாளா நான் திட்டிக்கிட்டிருந்தேன்ணே. எவன் சொன்னான், எவன் சொன்னான்னு. நேத்து, இனிமே ஒன்னயப் பாக்க வரமாட்டேன்னுகூடச் சொல்லிட்டு வந்தேன். அவரு ஒங்களக் காட்டிக் குடுக்கல. நீங்க ஒரு தடவ வந்து எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

ஆரோக்கியராஜ் கையில் இருந்த பிரஷ்ஷைத் தரையில் வைத்தான். அவள் பதிலுக்காக நிற்கவில்லை. கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என்னிடம் சொன்னாள். நான் வருகிறேன் என்று எழுந்ததற்கு, வேண்டாம் என்றுவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

செங்கோட்டையன் அந்தம்மா பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மேடம், லைன் குடுத்தறலாங்களா?"

அந்தம்மா தலையசைத்தார். சாவி ஆரோக்கியராஜ் பையில் இருந்தது. எடுத்துப் பூட்டைத் திறந்தான், சுவிட்சில் கை வைத்தான், அப்படியே நின்றான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் செங்கோட்டையனே வந்து, அவன் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துச் சுவிட்சைத் தூக்கிவிட்டார்.